கோன்-பீம் சி.டி. மீட்டுருவாக்கம்: நாலு மணி நேரத்தைச் சில நொடிகளுக்குக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி இதுதான். ஒரு பொறியியல் ஆய்வகத்தில் மைக்ரோ சி.டி. கருவி இருக்கிறது. எக்ஸ்ரே குழாயிலிருந்து சுழல்மேடையின் அச்சுக்கு 200 மி.மீ., டிடெக்டருக்கு 800 மி.மீ. டிடெக்டர் 1024 × 1024 பிக்ஸல், ஒரு பிக்ஸல் 0.2 மி.மீ. முழுச் சுற்றுக்கு 720 ப்ரொஜெக்ஷன் (எக்ஸ்ரே நிழற்படம்), அதாவது அரை டிகிரிக்கு ஒன்று. இதிலிருந்து 1024³ வாக்ஸல் (முப்பரிமாணப் பிக்ஸல்) கொண்ட வால்யூம் வேண்டும். சொந்தமாக எழுதிய சி++ நிரல் ஒரே திரெட்டில் நாலு மணி நேரம் எடுக்கிறது. ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) வாங்கலாமா, எஃப்.பி.ஜி.ஏ. (உள் சுற்றையே நாமே வடிவமைத்துக்கொள்ளும் சிப்) போர்டுக்குப் போகலாமா? எதை மாற்றி எழுத வேண்டும்?

ஜிபியுதான். 24 ஜிபி நினைவகம் உள்ள ஒரே கார்டு போதும். ஆனால் கார்டைச் செருகி, இருக்கிற லூப்பை அப்படியே கூடாவுக்கு (என்விடியா ஜிபியுக்களுக்கு நிரல் எழுதும் முறை) மாற்றினால் எதிர்பார்த்த வேகம் வராது. வேகமாக வந்தாலும் படம் தப்பாக வரலாம், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவில். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நேரம் எங்கே போகிறது என்று பார்த்துவிடுவோம். நீங்கள் ஓட்டுவது 1984-இல் ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் மூவரும் வெளியிட்ட எஃப்.டி.கே. முறை. அதில் மூன்று கட்டம். ஒவ்வொரு ப்ரொஜெக்ஷனுக்கும் மடக்கை எடுத்து, கோண எடை போடுவது. பிறகு ஒவ்வொரு வரிசையையும் ராம்ப் ஃபில்டரில் (மங்கலைப் போக்கும் வடிகட்டி) விடுவது. கடைசியாக பேக்-ப்ரொஜெக்ஷன்: ஒவ்வொரு வாக்ஸலும் ஒவ்வொரு படத்திலும் எங்கே விழுகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்து மதிப்பை நாலு பிக்ஸல் இடைக்கணிப்பில் எடுத்து, தூர எடையால் பெருக்கிக் கூட்டுவது. முதல் இரண்டும் சேர்ந்தாலும் ஒரே திரெட்டில் ஒரு நிமிடத்தைத் தாண்டாது. மூன்றாவதில் 1024³ வாக்ஸலும் 720 தடவை புதுப்பிக்கப்படுகிறது.

இந்தத் துறையில் வேகத்தை ஜி.யு.பி.எஸ். என்று அளப்பார்கள்: நொடிக்கு எத்தனை கிகா வாக்ஸல் புதுப்பிப்பு. 2009-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகக் குழுவினர் ராபிட்-சி.டி. என்று ஒரு பொது அளவுகோல் வெளியிட்டார்கள். ஒரு முயலின் 496 ப்ரொஜெக்ஷன், ஒவ்வொன்றும் 1248 × 960. யார் எந்த வன்பொருளில் ஓட்டினாலும் ஒப்பிட முடிந்தது அதனால்தான். ஒரு கிகா என்பதை 1024³ என்றே கொண்டால் உங்கள் வேலை மொத்தம் 720 கிகா புதுப்பிப்பு. நாலு மணி நேரம் என்றால் 14,400 நொடி, ஆக இப்போதைய வேகம் 0.05 ஜி.யு.பி.எஸ். ஒழுங்காக எழுதிய கெர்னல் (ஜிபியுவில் ஓடும் நிரல்துண்டு) இன்றைய நல்ல கார்டில் 100-ஐத் தாண்டும். அப்போது 7 நொடி.

கார்டு வாங்குவதற்கு முன்பே ஒரு வேலை செய்யலாம். இப்போதிருக்கிற கணினியிலேயே வெளி லூப்பை ஓப்பன்-எம்.பி.யில் எல்லா கோருக்கும் பிரித்து, உள் லூப்பை கம்பைலர் வெக்டர் ஆக்கும்படி (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும்படி) எழுதினால் நாலு மணி நேரம் சில நிமிடங்களுக்கு வந்துவிடும். பலருக்கு அதுவே போதும். அது மட்டுமில்லை, அந்த சிபியு நிரல்தான் பின்னால் ஜிபியு விடையைச் சரிபார்க்கும் மூலப்பிரதி. அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

இனி ஜிபியு. பேக்-ப்ரொஜெக்ஷனில் கணக்கு குறைவு, நினைவகப் போக்குவரத்து அதிகம். இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் முயற்சியில் எல்லாரும் எழுதுவது ஒன்றுதான்: ஒரு ப்ரொஜெக்ஷனுக்கு ஒரு கெர்னல் அழைப்பு, ஒரு வாக்ஸலுக்கு ஒரு திரெட், வால்யூமைப் படி, கூட்டு, திரும்ப எழுது. வால்யூம் ஃப்ளோட்டில் 4 ஜிபி. ஒரு அழைப்புக்குப் படிக்க 4, எழுத 4, ஆக 8 ஜிபி. 720 அழைப்புக்கு 5,760 ஜிபி. 24 ஜிபி உள்ள என்விடியா கார்டான ஆர்.டி.எக்ஸ். 3090-இன் நினைவக வேகம் நொடிக்கு 936 ஜிபி. ஆக, வேறெதுவும் செய்யாமல் வால்யூமை உள்ளே வெளியே இழுத்தடிப்பதற்கே 6 நொடிக்கு மேல். அதே கெர்னலுக்குள் 32 ப்ரொஜெக்ஷனைச் சுற்றவிட்டு, கூட்டுத்தொகையை ரிஜிஸ்டரில் (சிப்புக்குள்ளேயே உள்ள அதிவேகச் சிறு நினைவகத்தில்) வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு தடவை மட்டும் எழுதினால் 5,760 என்பது சுமார் 180 ஆகிவிடும். 0.2 நொடி. ஒரே ஒரு லூப்பின் இடத்தை மாற்றியதற்கு இவ்வளவு.

இதில் ஒரு கண்ணி உண்டு. 720-ஐ 32-ஆல் வகுத்தால் 22 முழுத் தொகுதி, மிச்சம் 16. கடைசி அழைப்பிலும் 32 என்றே சுற்றவிட்டால் பஃபரில் கிடக்கும் பழைய தொகுதியின் 16 படங்களும் மறுபடி கூடும், தப்பான கோணத்தில். நிரல் எதுவும் சொல்லாமல் ஓடி முடியும். படத்தில் மட்டும் குறிப்பிட்ட ஒரு 8 டிகிரித் திசையில் மெல்லிய கோடுகள் தெரியும். கருவியைத்தான் முதலில் சந்தேகிக்கத் தோன்றும்.

அடுத்தது திரெட்டுகளைப் பிரிப்பது. ஒரு வாக்ஸலுக்கு ஒரு திரெட் வேண்டாம். எக்ஸ், ஒய் இடத்தை நிறுத்தி, சுழலச்சின் திசையில், அதாவது இசட்டில் 8 வாக்ஸலை ஒரு திரெட்டிடம் கொடுங்கள். டிடெக்டர் நேராக நிற்கிற வட்டப் பாதையில் ஒரு வசதி இருக்கிறது: வாக்ஸல் டிடெக்டரின் எந்த நெடுவரிசையில் விழும் என்பதும், தூர எடையும் எக்ஸ், ஒய் இரண்டை மட்டுமே பொறுத்தவை. வரிசை எண் மட்டும் இசட்டோடு நேர்கோட்டில் மாறும். எனவே வகுத்தல் ஒரு படத்துக்கு ஒரு திரெட்டில் ஒரு தடவைதான். மீதி ஏழு வாக்ஸலுக்கும் வெறும் கூட்டல். 8 என்பதை 16 ஆக்கிப் பாருங்கள். 32-க்குப் போனால் ரிஜிஸ்டர் போதாமல் கம்பைலர் அவற்றை வெளி நினைவகத்தில் கொட்டலாம், வேகம் சரியலாம். கம்பைலரிடம் ரிஜிஸ்டர் அறிக்கையைக் கேட்டால் எத்தனை பைட் வழிந்தது என்று சொல்லும். அது பூஜ்யமாக இருக்க வேண்டும். பிளாக் அளவுக்கு 32 × 8, 16 × 16 இரண்டையும் ஓட்டிப் பார்த்து வேகமானதை வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் திசைதான் நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்க வேண்டும்; அதை மாற்றி வைத்தால் எழுதும் வேலை பல மடங்கு இழுக்கும்.

டிடெக்டர் தன் தளத்திலேயே லேசாகச் சாய்ந்திருந்தால் மேலே சொன்ன வசதி கிடையாது. அப்போது ஒவ்வொரு கோணத்துக்கும் 3 × 4 ப்ரொஜெக்ஷன் அணி வைத்துக்கொள்வதே முறை. அணியை சிபியுவில் டபுளில் கணக்கிட்டு, ஃப்ளோட்டாக மாற்றி அனுப்புங்கள். ஒரு அணி 48 பைட். 720-க்கு 34,560 பைட். ஜிபியுவின் கான்ஸ்டன்ட் மெமரி 64 கேபி, அதில் தாராளமாக அடங்கும். கெர்னலுக்குள் சைன், கொசைன் எதுவும் இருக்கக் கூடாது.

கெர்னலுக்குள் டபுள் (64 பிட் தசம எண்; ஃப்ளோட் 32 பிட்) தவறி நுழைந்துவிடாமல் பார்ப்பதும் முக்கியம். சி++-இல் 0.5 என்று எழுதினால் அது டபுள். கடைசியில் எஃப் சேர்த்தால்தான் ஃப்ளோட். ஆர்.டி.எக்ஸ். 3090 போன்ற விளையாட்டுக் கார்டுகளில் டபுள் வேகம் ஃப்ளோட்டின் 64-இல் ஒரு பங்கு. ஒரே ஒரு 0.5 மொத்த கெர்னலையும் இழுத்துப் பிடித்துவிடும், விடையில் எந்த வித்தியாசமும் காட்டாமல்.

ப்ரொஜெக்ஷன்களை டெக்ஸ்சராக (ஜிபியு படங்களைப் படிக்க வைத்திருக்கும் தனி நினைவக வடிவம்) வைத்தால் நாலு பிக்ஸல் இடைக்கணிப்பை வன்பொருளே செய்து கொடுக்கும். 1994-இல் கேப்ரால், கேம், ஃபோரன் மூவரும் சிலிக்கான் கிராஃபிக்ஸ் இயந்திரத்தில் மீட்டுருவாக்கம் செய்து காட்டியபோதே பயன்படுத்திய தந்திரம் இதுதான். படங்களை வரைவதற்காகச் செய்த சுற்று டோமோகிராஃபிக்கு அப்படியே பொருந்திப் போனது. 32 படத்தையும் ஒரே அடுக்கு டெக்ஸ்சரில் வைத்து அடுக்கு எண்ணால் எடுங்கள்; 128 எம்பிதான் ஆகும். எல்லைக்கு வெளியே பூஜ்யம் தரும் முறையில் அமைத்தால் கெர்னலில் எல்லைச் சோதனையே வேண்டாம்.

டெக்ஸ்சரில் இரண்டு விஷயம் காலை வாரும். ஒன்று, பிக்ஸலின் நடுப்புள்ளி டெக்ஸ்சர் கணக்கில் 0.5-இல் இருக்கிறது, உங்கள் சிபியு நிரலில் 0-இல் இருக்கும். அந்த அரையைக் கூட்ட மறந்தால் டிடெக்டரில் 0.1 மி.மீ. பிசகு. உங்கள் உருப்பெருக்கம் நாலு (800 ÷ 200) என்பதால் பொருளில் 0.025 மி.மீ., சரியாக அரை வாக்ஸல். கிடைத்திசையில் இந்தப் பிசகு சுழலச்சு தள்ளிப்போனதற்குச் சமம்: முழுச்சுற்று ஸ்கேனில் சிறு புள்ளிகள் குட்டி வளையமாகும், விளிம்புகள் மங்கும். செங்குத்துத் திசையில் அதே பிசகு வால்யூமை மேலே கீழே நகர்த்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்; ஒரு பாகத்தின் உயரத்தை வேறு கருவியோடு ஒப்பிடும் நாள்வரை யாருக்கும் தெரியாது.

இரண்டு, அந்த வன்பொருள் இடைக்கணிப்பில் பின்னப் பகுதிக்கு 8 பிட்தான். ஒரு பிக்ஸலை 256 படிக்கு மேல் பிரித்துப் பார்க்காது. எஃப்.டி.கே.யில் 720 படத்தின் பிழைகள் ஒன்றையொன்று சராசரியாக்கிக்கொள்ளும், கவலை வேண்டாம். ஆனால் சிபியு விடையோடு ஏழாவது இலக்கம்வரை ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்த்து ஒரு வாரத்தைத் தொலைக்காதீர்கள். ஒத்துப்போகாது. அதைச் சோதிக்க வேண்டுமென்றால் டெக்ஸ்சரின் இடைக்கணிப்பை அணைத்து, நாலு பிக்ஸலையும் தனித்தனியாக எடுத்து ஃப்ளோட்டில் கணக்கிடும் ஒரு மெதுவான கெர்னலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தவறான பாதை: ப்ரொஜெக்ஷன் பிக்ஸலிலிருந்து புறப்பட்டு, கதிர் போகும் வழியில் உள்ள வாக்ஸல்களுக்கு மதிப்பை அள்ளிப்போடுவது. பல கதிர்கள் ஒரே வாக்ஸலில் எழுத வரும், அணுக்கூட்டல் போட வேண்டியிருக்கும், மெதுவாகும். ஃப்ளோட் கூட்டலில் வரிசை மாறினால் விடையின் கடைசி இலக்கங்கள் மாறும் என்பதால் ஒவ்வொரு ஓட்டத்திலும் சற்றே வேறு படம் வரும். வாக்ஸல் தனக்கு வேண்டியதைத் தானே போய் எடுத்துக்கொள்ளட்டும்.

ஃபில்டருக்கு வருவோம். ராம்-லாக் என்று எல்லா மென்பொருளிலும் பெயர் பார்த்திருப்பீர்கள். ராம் என்பது ஜி. என். ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையைப் பல ஆண்டு நடத்திய அதே புரத அமைப்பு அறிஞர். லாக் என்பது அவரோடு எழுதிய லட்சுமிநாராயணன். 1971-இல் அவர்கள் செய்தது ஃபூரியர் வழியைச் சுற்றிப் போகாமல் நேரடிக் கன்வல்யூஷனாக (ஒவ்வொரு புள்ளியிலும் அண்டை மதிப்புகளை எடைபோட்டுக் கூட்டுவதாக) ஃபில்டரை எழுதியது. இன்று எஃப்.எஃப்.டி.யில் (வேகமான ஃபூரியர் உருமாற்றத்தில்) ஓட்டினாலும் அவர்களுடைய அந்தத் தனித்தனிப் புள்ளி வடிவத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நடுப்புள்ளியில் 1 ÷ (4 × இடைவெளி²). இரட்டைப்படைப் புள்ளிகளில் பூஜ்யம். ஒற்றைப்படையில் −1 ÷ (π² × புள்ளி எண்² × இடைவெளி²). இதை 2048 நீளத்துக்குச் சுற்றி வைத்து ஒரு தடவை எஃப்.எஃப்.டி. எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டு அதிர்வெண் பக்கத்தில் நேராக முக்கோணம் வரைந்தால் பூஜ்ய அதிர்வெண்ணில் மதிப்பு சுத்தமாக 0 ஆகிவிடும். விளைவு, முழுப் படத்தின் அடிமட்டமும் கீழே இறங்கி, சீரான உருளை நடுவில் குழிந்து தெரியும். அதைக் கதிர் கடினமாதல் (மென்கதிர்கள் பொருளில் முதலில் உறிஞ்சப்படுவதால் வரும் பிழை) என்று நினைத்துத் திருத்தம் போடப் போனால் கதை கந்தல்தான்.

1024 நெடுவரிசைக்கு ஏன் 2048? சுற்றுக் கன்வல்யூஷனில் இடது ஓரத்து மதிப்பு வலது ஓரத்தில் கசியாமல் இருக்க 2047-க்குக் குறையாத நீளம் வேண்டும். கூடா எஃப்.எஃப்.டி. நூலகத்தில் மெய்யெண்ணிலிருந்து கலப்பெண்ணுக்குப் போகும் வகையை எடுத்து, ஒரு படத்தின் 1024 வரிசையையும் ஒரே தொகுதியாகக் கொடுங்கள். ஒரு வரிசைக்கு 1025 கலப்பெண் வரும். அந்த நூலகம் திரும்பி வரும்போது நீளத்தால் வகுப்பதில்லை. 1 ÷ 2048-ஐ ஃபில்டரிலேயே பெருக்கி வைத்துவிடுங்கள்.

மடக்கை எடுக்கும் இடத்தில் ஒரு காவல் வேண்டும். செத்த பிக்ஸல் ஒன்று பூஜ்யம் கொடுத்தால் மடக்கை முடிவிலி. இருட்டுப் படத்தை (எக்ஸ்ரே இல்லாமல் எடுத்ததை) கழித்தபின் குறை எண் வந்தால் எண்ணே அல்லாத மதிப்பு, என்.ஏ.என். அது எஃப்.எஃப்.டி.யில் நுழைந்ததும் அந்த வரிசை முழுவதும் கெடும். அந்த வரிசையின் மதிப்பு 720 கோணத்திலும் கூடுவதால் வால்யூமில் தட்டு தட்டாகக் கருப்பு விழும். ஒரே பிக்ஸலின் வேலை அது. மடக்கைக்கு முன் ஒரு சிறிய கூட்டல் எண்ணுக்குக் கீழே போகாமல் தடுத்து, செத்த பிக்ஸலைப் பக்கத்துப் பிக்ஸல்களால் நிரப்பிவிடுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் மொத்த நேரத்தை அளந்தால் ஏமாற்றம் காத்திருக்கும். 16 பிட் மூலப் படங்கள் 1.5 ஜிபி. வால்யூம் 4.3 ஜிபி (மேலே 4 என்றது 1024-ஆல் எண்ணியது; இது டிஸ்க்கில் வழங்கும் 1000 கணக்கு). நொடிக்கு 150 எம்பி ஓடும் சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் படிக்க 10 நொடி, எழுத 29 நொடி. ஏழு நொடி பேக்-ப்ரொஜெக்ஷனுக்கு முன்னும் பின்னும் நாற்பது நொடி டிஸ்க். ஜிபியுவுக்கு ஆகும் செலவில் சிறு பங்கை ஒரு என்.வி.எம்.இ. டிஸ்க்குக்கு (வேகமான எஸ்.எஸ்.டி.) ஒதுக்குவது இந்தக் கட்டத்தில் இன்னொரு ஜிபியு வாங்குவதைவிட அதிகம் தரும். வெளியீட்டை 16 பிட் முழு எண்ணாகச் சுருக்கி எழுதினாலே பாதியாகும்.

கணினிக்கும் கார்டுக்கும் இடையிலான பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வழியும் கவனிக்க வேண்டியது. மூன்றாம் தலைமுறை 16 லேனில் நடைமுறையில் நொடிக்கு 12 ஜிபி அளவில் போகும். ஆனால் அது பக்கம் மாற்றப்படாதபடி பூட்டிய, பின்ட் மெமரியிலிருந்து அனுப்பினால்தான். சாதாரணமாக ஒதுக்கிய நினைவகத்திலிருந்து அனுப்பினால் டிரைவர் அதை முதலில் தன் பஃபருக்கு நகலெடுக்கும். வேகம் பாதிக்குக் கீழே போகலாம். 32 படம் கொள்ளும் இரண்டு பின்ட் பஃபர், இரண்டு ஸ்ட்ரீம் (ஜிபியுவின் தனித்தனி வேலை வரிசை). ஒன்று கணக்கிடும்போது மற்றது அடுத்த தொகுதியை ஏற்றட்டும். மொத்த 1.5 ஜிபியையும் பின்ட் செய்யத் தேவையில்லை. 16 பிட்டாகவே அனுப்பி, மடக்கையை ஜிபியுவில் எடுங்கள், போக்குவரத்து பாதி.

நேரம் அளக்கும்போது கெர்னல் அழைப்பு உடனே திரும்பிவிடும் என்பதை மறக்காதீர்கள். ஜிபியு முடிக்கும்வரை காத்திருக்கும் கட்டளை போடாமல் கடிகாரத்தைப் பார்த்தால் சில மைக்ரோ நொடி என்று காட்டும். அந்த எண்ணை நம்பிவிடாதீர்கள்.

வால்யூம் கார்டில் அடங்கவில்லை என்றால்? 1024³-க்கு இந்தக் கேள்வி வராது. நாளை 2048 டிடெக்டர் வாங்கினால் வால்யூம் 32 ஜிபி, அன்று வரும். இசட் திசையில் பாளம் பாளமாக வெட்டி ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பாளத்துக்கும் டிடெக்டரின் எந்த வரிசைகள் வேண்டும் என்பதில்தான் தப்பு செய்வது எளிது. உங்கள் கருவியின் எண்களையே வைத்துப் பார்ப்போம். வாக்ஸல் 0.05 மி.மீ., பொருளின் ஆரம் 25.6 மி.மீ. மேல் கால்வாசிப் பாளம் அச்சின் நடுவிலிருந்து 12.8 முதல் 25.6 மி.மீ. உயரம், 256 தளம். அச்சில் உருப்பெருக்கம் 4 என்பதால் 12.8 × 4 = 51.2 மி.மீ., அதாவது நடுவரிசையிலிருந்து 256 வரிசை மேலே ஆரம்பித்தால் போதும் என்று தோன்றும். போதாது. குழாயிலிருந்து தள்ளி நிற்கும் விளிம்பில் உருப்பெருக்கம் 800 ÷ 225.6 = 3.55 மட்டுமே. அங்கே 12.8 மி.மீ. என்பது 45.4 மி.மீ., 227-ஆவது வரிசை. இடையில் 29 வரிசை விடுபட்டால், பாளங்கள் சேரும் இடத்தில் நடுவில் எதுவும் தெரியாது; ஓரத்தை நோக்கிப் போகப் போக ஒரு இருண்ட பட்டை விழும். இடைக்கணிப்புக்காக இருபுறமும் இரண்டு வரிசை கூடுதலாகவும் வையுங்கள்.

அதே கணக்கு இன்னொன்றையும் காட்டும். குழாய்க்கு அருகிலுள்ள விளிம்பில் உருப்பெருக்கம் 800 ÷ 174.4 = 4.59. டிடெக்டரின் பாதி உயரம் 102.4 மி.மீ. எனவே பொருளின் ஓரத்தில் 22.3 மி.மீ. உயரத்துக்கு மேல் இருப்பது எல்லாக் கோணத்திலும் டிடெக்டரில் விழாது. மேலே கீழே சுமார் 65 தளத்தின் ஓரங்கள் எந்த வன்பொருளிலும் சரியாக வராது. அவற்றைக் கணக்கிடாமல் விட்டால் நேரமும் மிச்சம், பொய்யான படமும் இல்லை. தரவில் இன்னொரு குறையும் இருக்கிறது: 1024 நெடுவரிசைக்குக் கோணத் திசையில் சமமான நுணுக்கம் வேண்டுமென்றால் π ÷ 2 மடங்கு, ஏறத்தாழ 1,600 ப்ரொஜெக்ஷன் தேவை. 720-இல் ஓரங்களில் கோடுகள் வரும். வேகம் கையில் வந்துவிட்டது என்பதால் இனி ஸ்கேனிலேயே அதிகப் படம் எடுக்கலாம்.

சரிபார்ப்பதற்குச் செயற்கை உருளை ஒன்றே போதும். கதிர்நீளத்தைச் சூத்திரத்தில் கணக்கிட்டு, மி.மீ.க்கு 0.02 மட்டுப்படுத்தல் (எக்ஸ்ரே குறையும் வீதம்) கொண்ட உருளைக்கு 720 ப்ரொஜெக்ஷன் உருவாக்கி ஓட்டுங்கள். நடுத்தளத்தின் மையத்தில் 0.02 வர வேண்டும். வராவிட்டால் எத்தனை மடங்கு பிசகு என்று பாருங்கள், குற்றவாளி அந்த எண்ணிலேயே இருப்பான். 2 மடங்கு கூடுதல் என்றால் முழுச்சுற்றில் ஒவ்வொரு கதிரும் இரண்டு தடவை அளக்கப்படுவதற்கான பாதியைப் போடவில்லை. 2048 மடங்கு என்றால் எஃப்.எஃப்.டி. வகுத்தல். நாலில் ஒரு பங்கு என்றால் ஃபில்டரின் இடைவெளியாக அச்சுக்குச் சுருக்கிய 0.05-க்குப் பதில் டிடெக்டரின் 0.2 போயிருக்கிறது. 10 மடங்கு என்றால் மி.மீ., செ.மீ. குழப்பம். அளவு சரி, விளிம்பு மட்டும் மங்கல் என்றால் அந்த அரைப் பிக்ஸல். நிஜ ஸ்கேனில் அளவு சரி, விளிம்பு மங்கல் என்றால் சுழலச்சின் அளவுத்திருத்தம். ஜிபியுவைத் திட்டிப் பயனில்லை.

16 பிட் ஃப்ளோட் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ப்ரொஜெக்ஷனை 16 பிட்டில் வைத்து டெக்ஸ்சராக எடுப்பது பெரும்பாலும் சரிதான். கூட்டுத்தொகையை மட்டும் 16 பிட்டில் வைக்காதீர்கள். அதில் 11 பிட் துல்லியம்தான். 720 சிறு எண்களைக் கூட்டும்போது பின்பாதி எண்கள் பெரிய தொகையில் கரைந்து காணாமல் போகும்.

படங்கள் குறைவாகவோ இரைச்சலாகவோ இருந்தால் எஸ்.ஐ.ஆர்.டி., ஓ.எஸ்.-சார்ட் போன்ற சுழற்சி முறைகளுக்கு (படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தும் முறைகளுக்கு) போக வேண்டிவரும். அங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முன்வீழ்த்தல் (வால்யூமிலிருந்து நிழற்படத்தைக் கணக்கிடுவது), ஒரு பேக்-ப்ரொஜெக்ஷன். முன்வீழ்த்தல் பொதுவாக இரண்டில் மெதுவானது. ஜிபியுவில் வேகத்துக்காக முன்னது கதிர் வழியிலும் பின்னது வாக்ஸல் வழியிலும் எழுதப்படுகின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று சரியான இடமாற்று அணிகள் அல்ல. சில பத்துச் சுற்றுகளில் இது தொல்லை தராது. நூற்றுக்கணக்கில் ஓட்டினால் பிழை குறைந்து மறுபடி ஏறத் தொடங்கும். முழு வேறுபாட்டுக் கட்டுப்பாடு (இரைச்சலை அடக்கி விளிம்பைக் காக்கும் நிபந்தனை) சேர்த்தால் 4 ஜிபி வால்யூம் போலவே இன்னும் மூன்று நாலு துணை வால்யூம் வேண்டும். 24 ஜிபி என்று ஆரம்பத்தில் சொன்னது இதற்காகத்தான்.

எஃப்.பி.ஜி.ஏ. ஏன் வேண்டாம்? பேக்-ப்ரொஜெக்ஷன் அதற்குப் பொருந்தாத வேலை இல்லை. முழு எண்ணில் எழுதிய நீண்ட பைப்லைன், கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் இத்தனை வாக்ஸல் என்று கறாராக ஓடும்; மின்சாரமும் குறைவு. கருவிக்குள்ளேயே உட்கார்ந்து, டிடெக்டரிலிருந்து வரும் தரவை வந்த வேகத்தில் திருத்தி அனுப்புவதற்கு அது அருமையான சாமான். ஆனால் ஒரே ஆய்வகத்தில், நினைத்தால் ஃபில்டரை மாற்றி, கோணத்தை மாற்றி, அடுத்த மாதம் சுழற்சி முறைக்குப் போகும் இடத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் மணிக்கணக்கில் கம்பைல் ஆகிற சாமானை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2007 வாக்கில் ஐபிஎம், சோனி, தோஷிபாவின் செல் செயலியில் காஹெல்ரீஸ், நாப் குழு மிக வேகமான பேக்-ப்ரொஜெக்ஷன் எழுதிக் காட்டியது. வேலை நன்றாகத்தான் இருந்தது, செயலி நின்றுபோனது. விளையாட்டுச் சந்தையின் முதுகில் ஏறி வருவதால் ஜிபியுவுக்கு அடுத்த தலைமுறை என்று ஒன்று நிச்சயம் இருக்கிறது.

உண்மையில் இதையெல்லாம் கையால் எழுதித்தான் ஆக வேண்டுமா என்றால், கட்டாயம் இல்லை. ஆஸ்ட்ரா, டைகர், ஆர்.டி.கே. மூன்றும் திறந்த மூல நிரல்கள், மூன்றிலும் கூடாவில் எழுதிய எஃப்.டி.கே. இருக்கிறது. பைத்தானில் வேலை செய்பவர்களுக்கு ஆஸ்ட்ரா. அதில் ஒவ்வொரு கோணத்துக்கும் மூலம், டிடெக்டர் இடத்தைத் தனித்தனி வெக்டராகக் கொடுக்கலாம் என்பதால் சாய்ந்த டிடெக்டரும் அடங்கும். வால்யூம் கார்டில் அடங்காதபோது பாளம் வெட்டும் வேலையையும், பல கார்டுக்குப் பிரிக்கும் வேலையையும் டைகர் தானே செய்துகொள்ளும். சி++-இல் மருத்துவப் பக்கம் வேலை என்றால் ஐ.டி.கே.யின் மேல் கட்டிய ஆர்.டி.கே. முதலில் இவற்றில் ஒன்றில் உங்கள் தரவை ஓட்டி, படத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சொந்த கெர்னல் அதைவிட மெதுவாக ஓடினால் எழுதியதில் எங்கோ மேலே சொன்னதில் ஒன்று இருக்கிறது.

வாங்கும்போது: கோர் எண்ணிக்கையைப் பார்க்காமல் நினைவக அளவையும் நினைவக வேகத்தையும் பாருங்கள். 3090 என்றால் கார்டு மட்டும் 350 வாட், 750 வாட் பவர் சப்ளை கேட்கிறது; பழைய டெஸ்க்டாப்பின் 450 வாட்டில் செருகினால் கெர்னல் ஓட ஆரம்பித்ததும் கணினி அணைந்துவிடும். விண்டோஸில் மானிட்டர் மாட்டிய கார்டிலேயே ஓட்டினால், ஒரு கெர்னல் 2 நொடிக்கு மேல் நீடித்தால் இயங்குதளம் டிரைவரைத் தூக்கி மறுதுவக்கும். சிறிய சோதனை வால்யூமில் எல்லாம் ஓடி, 1024³-இல் மட்டும் விழுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். விண்டோஸ் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரியில்) அந்த வரம்பைக் கூட்டலாம்; ஆனால் 32 படத் தொகுதியாகப் பிரித்து எழுதியிருந்தால் ஒரு அழைப்பு அரை நொடியைக்கூடத் தொடாது.